நேரில் வந்தவர்

வெர்லா பொஸ்பிஷிலின் மேசை இழுப்பறையில் ஒரு ரப்பர் சீல் இருந்தது. நெப்ராஸ்கா மாநில நோட்டரி என்ற எழுத்துகளுக்குக் கீழே அவள் பெயர். அந்தச் சீலைக் குத்துகிற இடத்துக்கு மேலே எல்லாப் படிவங்களிலும் ஒரே வாசகம்தான் இருக்கும்: 'மேற்படி நபர் இன்று என் முன் நேரில் வந்து கையெழுத்திட்டார்.' முப்பத்துநான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை குத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. அதில் பாதிக்கு மேல் பச்சைப் பொய்.

யாரையும் கெடுக்காத பொய். வில்சியில் மொத்தம் ஆயிரத்து முந்நூறு பேர். செட்லாக் மோட்டார்ஸில் வண்டி வாங்கினால் பெயர் மாற்றும் காகிதமெல்லாம் வெர்லாவின் மேசைக்குத்தான் வரும். சோளம் காய்ந்து நிற்கும்போது எந்த விவசாயி அறுவடை இயந்திரத்தை நடுவயலில் நிறுத்திவிட்டு வந்து அவள் எதிரே உட்காருவான்? வண்டி வாங்குகிற அன்றே நாலைந்து வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்கள். அப்புறம் ஃபோனில் கத்துவார்கள், "நீயே பாத்து சீல் குத்திடு வெர்லா, என் கையெழுத்து ஒனக்குத் தெரியாதா?" அவளும் குத்துவாள். சட்டப்படி குற்றம் என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஊர் எல்லையில் முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகாதே என்று ஒரு பலகை இருப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பன்றி வளர்த்த குடும்பத்தில் பிறந்தவள் அவள். இருபத்தேழு வயதில் புருஷன் பல் டாக்டரிடம் வேலை பார்த்த ஒருத்தியோடு ஒமாஹாவுக்குப் போய்விட்டான். அந்த வாரமே பெரிய செட்லாக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். அன்று முதல் அதே மேசை, எதிரே அதே ஆரஞ்சு ரெக்சின் நாற்காலி. அதற்காகக் கடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவள் இல்லை. துருப்பிடிக்காத பூச்சு என்று அங்கே விற்கிற சமாச்சாரம் பாதி தண்ணீர் என்று சர்ச் வாசலிலேயே சொன்னவள். அவள் ஓட்டுகிற காருக்கே பதினேழு வயது.

அந்த ஜனவரியில் லிங்கன் நகரத்துச் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. காரைச் செய்கிற கம்பெனி தானே நேராக ஜனங்களுக்கு விற்கக் கூடாது, உள்ளூர் டீலர் மூலமாகத்தான் விற்க வேண்டும் என்பது அந்த மாநிலத்துப் பழைய சட்டம். மின்சாரக் கார்க்காரர்களுக்கோ டீலரே கிடையாது. ஃபோனில் ஆர்டர், வாசலில் வண்டி. ஆசைப்பட்டவர்கள் அண்டை மாநிலத்துக்குப் போய் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பூட்டைத் திறந்துவிடத்தான் மசோதா.

பெரிய செட்லாக்கின் மகன் வெண்டெல்தான் இப்போது முதலாளி. நாற்பத்துநான்கு வயசு. அவன் டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில் மூக்குத் துடைத்துவிட்டவள் வெர்லா. அவன் வந்து அவள் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டான்.

"இது பாஸ் ஆச்சுன்னா இன்னைக்கு மின்சாரக் கார்க்காரன் விப்பான். நாளைக்கு நம்ம கம்பெனிக்காரனே நம்மள அத்து விட்டுட்டு ஃபோன்ல விப்பான். நான் கடையச் சாத்திட்டு மீன் பிடிக்கப் போக வேண்டியதுதான், வெர்லா."

"நீ மீன் பிடிச்சு நான் பாத்ததே இல்ல," என்றாள் அவள். ஆனாலும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு அறுபத்தொன்று. அரசாங்க மருத்துவக் காப்பீடு வர இன்னும் நாலு வருடம். அதுவரைக்கும் அவளுடைய இருதய மாத்திரை இந்தக் கடை கட்டுகிற காப்பீட்டின் புண்ணியம்.

டீலர்கள் சங்கம் ஒரு யோசனை சொல்லியிருந்தது. மசோதா வேண்டாம் என்று வாடிக்கையாளர்களிடம் உறுதிமொழிக் கடிதம் வாங்கி, நோட்டரி சீலோடு அனுப்ப வேண்டும். எங்களிடம் முகம் பார்த்து வாங்குகிறார்கள், எதிரே ஒரு மனுஷர் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் டீலர்களின் மொத்த வாதமும்.

"ஒண்ணு மட்டும், வெர்லா," என்றான் வெண்டெல். "இந்தத் தடவ நம்ம பழைய வழக்கம் வேணாம். மசோதா வேணும்கறவங்க ஒவ்வொரு பேரா நோண்டுவாங்க. ஆளு நேர்ல வந்து ஒங்க முன்னாடி ஒக்காந்தாதான் சீல்."

அவன் சொன்னதை அவள் மீறவில்லை. புது நோட்டு வாங்கினாள். வந்த நேரம், லைசன்ஸ் எண், எல்லாம் எழுதினாள். ஃபோனில் "நீயே குத்திடு" என்றவர்களை "முடியாது, பொழப்புப் போயிடும், வந்து சேரு" என்று விரட்டினாள். முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். இருநூற்றுப் பத்துப் பேர் ஆயிற்று. கடைசியாக எம்மெட் பிராண்டலுக்கு ஃபோன் போட்டாள்.

எம்மெட்டுக்கு எண்பத்தொரு வயசு. நிலத்தை எப்போதோ விற்றுவிட்டுப் பண்ணை வீட்டை மட்டும் வைத்திருந்தார். குளிர்காலத்தில் அரிசோனாவில் மகள் ஜோலீன் வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் கடையில் அவர் வாங்கியது பதினொரு பிக்கப் டிரக். சீட் பெல்ட் போட மாட்டார். ஓட்டினாலும் சரி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் சரி, போய்ச் சேரும்வரை வண்டி டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும். "இந்த எழவு மணிய நிறுத்திக் குடு, வெர்லா" என்று வருடத்துக்கு ஒருமுறை வந்து நிற்பார். "பெல்ட்டப் போடுங்க, நிக்கும்" என்பாள் அவள்.

அவளிடம் இருந்தது பண்ணை வீட்டு எண் மட்டும்தான்; அது நெடுநேரம் அடித்தது. பிறகு பதிவு செய்த அவர் குரல்: "எம்மெட். வீட்ல இல்ல. சொல்றதச் சொல்லு."

"எம்மெட், வெர்லா பேசறேன். ஒரு கையெழுத்து வேணும். அரிசோனால இருங்க, எங்க வேணா இருங்க, இந்தத் தடவ நீங்களே நேர்ல வந்தாகணும். சாக்குப்போக்கு சொன்னீங்கன்னா அப்புறம் நான் பேச மாட்டேன்." சிரித்துவிட்டு வைத்தாள். ஃபோனை வைத்த பிறகும் யாரோ மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பிப்ரவரி இரண்டாவது வாரம். மூன்று நாளாக உறைபனி மூட்டம். கடை வாசலில் நிறுத்தியிருந்த புது வண்டிகளே கண்ணுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை மதியம் லூத்தரன் சர்ச்சில் விருந்து. மிளகாய் போட்ட இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் என்றால் வில்சிக்காரர்கள் கல்லறையிலிருந்தும் எழுந்து வருவார்கள் என்று பாதிரியாரே கேலி செய்வார். வெண்டெலும் மெக்கானிக்குகளும் போய்விட்டார்கள். வெர்லா மட்டும் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நிமிர்ந்தபோது ஆரஞ்சு நாற்காலியில் எம்மெட் உட்கார்ந்திருந்தார்.

"கடவுளே! எப்ப வந்தீங்க? கதவு மணி அடிக்கலயே?"

"வரச் சொன்னியே," என்றார் அவர்.

"சொன்னேன். அதுக்காக அரிசோனாலேருந்தா இந்தப் பனியில?"

"நேர்லதான் வரணும்னே."

கழுத்துவரை பொத்தான் போட்ட நீலச் சட்டை, கஞ்சி போட்டுத் தேய்த்தது. கோட்டு இல்லை. அந்தக் குளிரில் கோட்டில்லாமல் வருகிற ஆளைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தவள், முகத்தைப் பார்த்துவிட்டுக் காபி ஊற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் கோப்பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை. லைசன்ஸை எடுத்து நீட்டினார். அவள் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டாள். மணி பன்னிரண்டு நாற்பது.

"நல்லாப் பாத்துக்க, வெர்லா. ஒன் முன்னாடிதான் ஒக்காந்திருக்கேன்."

"பாத்துட்டேன், பாத்துட்டேன். ரொம்ப எளச்சுட்டீங்களே. ஜோலீன் சோறு போடறாளா இல்லையா?"

அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோணல் எழுத்தை அவளுக்கு முப்பது வருடமாகத் தெரியும். அவள் சீலைக் குத்தினாள். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து பிக்கப்பின் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஜோலீன் வருவா. இத அவகிட்ட குடு."

"நீங்களே குடுக்கறதுதான? அவ வீட்லதான இருக்கீங்க?"

"நான் குடுத்தா வாங்க மாட்டா." கோப்பையைத் தள்ளி வைத்தார். "அன்னைக்கு இங்க வச்சு அவன் அப்படிக் கேட்டப்ப நான் வாயத் தொறக்கல. தொறந்திருக்கணும். அத அவகிட்ட சொல்லு."

எவன், என்ன கேட்டான் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஃபோன் அடித்தது. யாரோ ஆயில் மாற்ற நேரம் கேட்டார்கள். நாள்காட்டியில் குறித்துவிட்டுத் திரும்பினால் நாற்காலி காலி. கோப்பை நிறையக் காபி அப்படியே இருந்தது. அதன்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ் படிந்திருந்தது. கடைக்குள் ஹீட்டர் உறுமிக்கொண்டுதான் இருந்தது. இந்தப் பாழாய்ப்போன ஹீட்டரை மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொல்வது என்று வெண்டெலை மனசுக்குள் வைதுகொண்டே காபியைக் கொட்டினாள்.

மூன்று வாரம் கழித்து வெண்டெல் ஒரு காகிதத்தோடு வந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எம்மெட்டோட பொண்ணு, நாம அனுப்புனதுல அவங்கப்பா பேரப் பாத்துட்டு, மசோதாவ விசாரிக்கற சட்டசபைக் குழுவுக்குக் கடிதம் போட்டிருக்கா. அவங்கப்பா அக்டோபர்லயே செத்துட்டாராம். அங்கயே பொதச்சாச்சாம். ஊருக்குச் சொல்லல, அவ்ளோதான். இங்க பாருங்க, இறப்புச் சான்றிதழ். நீங்க பிப்ரவரியில சீல் குத்தியிருக்கீங்க!"

வெர்லா எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தாள். ரெக்சினில் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஒரு பள்ளம்.

"வந்தாரு, வெண்டெல்."

"தலபாடா அடிச்சுக்கிட்டேனே, பழைய வழக்கம் வேணாம்னு!"

"வந்தாரு. காபி குடுத்தேன்."

அவன் காகிதத்தை மடித்தான். பிறகு குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னான். வியாழக்கிழமை விசாரணைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய வெற்றுப் படிவம் ஒன்று கிடந்தது, பழக்கதோஷத்தில் குத்திவிட்டேன், இந்த ஒன்று மட்டும்தான் என்று சொன்னால் போதும். அந்த ஒரு கடிதத்தை எடுத்துவிடுவார்கள், சின்னதாக அபராதம், மீதி இருநூற்றுப் பத்தும் நிற்கும். "செத்தவர் வந்தாருன்னு சொன்னீங்கன்னா எல்லாக் கடிதமும் குப்பை. கடையும் போச்சு, நீங்களும் பைத்தியக்காரி. தயவு பண்ணுங்க, வெர்லா."

அன்று அவள் அந்த நாற்காலியை மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். மறுநாள் காலை அது மேசைக்கு எதிரே இருந்தது. துடைக்க வந்தவள் நகர்த்தியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளத் தைரியம் வரவில்லை. அந்த நோட்டையும் அவள் திறக்கவில்லை. இருநூற்றுப் பத்துப் பேரில் வேறு யார் யார் இப்படி வந்தவர்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் அப்புறம் அந்த ஊரில் அவள் எப்படி நடமாடுவது?

விசாரணை அறையில் சாட்சி மேசைமேல் ஒரு சின்ன விளக்குப் பெட்டி. பச்சை எரிந்தால் பேசலாம், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். மசோதாவை ஆதரிப்பவர்கள் முதலில். ஜோலீன் பிராண்டல் வந்து உட்கார்ந்தாள். தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள், அங்கே அதுதான் முறை. நாற்பத்தாறு வயது, அப்பாவின் அதே தாடை.

"இருபது வருஷம் முன்னாடி என் சொந்தச் சம்பளத்துல கார் வாங்க செட்லாக் மோட்டார்ஸுக்குப் போனேன். 'ஒங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு, அவர் வந்ததும் வெல பேசலாம்'னான் சேல்ஸ்காரன். எனக்குக் கல்யாணமே ஆகல. எங்கப்பா பக்கத்துல ஒக்காந்து காபி குடிச்சுக்கிட்டிருந்தாரு. ஒரு வார்த்த பேசல. போன வருஷம் ஃபோன்ல கார் வாங்கினேன். அந்த ஃபோன் எங்கிட்ட வீட்டுக்காரர் எங்கன்னு கேக்கல. இப்ப, செத்துப்போன எங்கப்பா பேர்ல கையெழுத்துப் போட்டு இந்த மசோதாவ எதிர்த்திருக்காங்க. முகம் பாத்து யாவாரம் பண்றவங்களாம்!"

எம்மெட் சொல்லச் சொன்னது வெர்லாவுக்கு நினைவு வந்தது. அவன் அப்படிக் கேட்டப்ப நான் வாயத் தொறக்கல. இதுதானா? அன்று அந்தக் கடையில் அவளும் தன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளும் வாய் திறக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் முறை வந்தது. குழுத் தலைவர் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது ஒங்க சீல்தானேம்மா? இந்த மனுஷர் ஒங்க முன்னாடி நேர்ல வந்தாரா?"

பின்வரிசையில் வெண்டெல் கைகளைக் கோத்துக்கொண்டு அவளையே பார்த்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு சின்னப் பொய். முப்பத்துநான்கு வருடமாகச் சொன்ன பொய்தான், திருப்பிப் போட்டால் போதும்.

"வந்தாரு," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் எறந்து நாலு மாசம் ஆயிருந்துச்சும்மா."

"அது எனக்கு இப்பத்தான் தெரியும். வராதவங்கள வந்தாங்கன்னு நான் நெறைய எழுதியிருக்கேங்க. எங்க ஊர் வழக்கம் அது, தப்புதான், என்ன தண்டன குடுத்தாலும் வாங்கிக்கறேன். ஆனா வந்தவர வரலன்னு சொல்ல மாட்டேன். என் முன்னாடி ஒக்காந்தாரு. நல்லாப் பாத்துக்கன்னு சொன்னாரு. பாத்தேன்."

கைப்பையிலிருந்து சீலை எடுத்து மேசைமேல் வைத்தாள். சிவப்பு விளக்கு வந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மசோதா அந்த வருடம் குழுவைத் தாண்டவே இல்லை. அதற்கும் வெர்லாவுக்கும் சம்பந்தமில்லை, உறுப்பினர்கள் வேறு ஏதோ தகராறில் ஆறப்போட்டுவிட்டார்கள். வெண்டெலின் கடை பிழைத்தது, அதில் வெர்லாவுக்குத்தான் இடமில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவளை ஏற்றிக்கொள்ளாமலே வெண்டெல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நடைக்கூடத்தில் அவள் தனியாக நின்றபோது ஜோலீன் நேராக வந்தாள்.

"எங்கப்பாவ வச்சு வெளையாட ஒங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டு வரச் சொன்னேன். மிஷின்ல அவர் குரல் கேட்டுச்சு."

"அந்த லைன நவம்பர்லயே துண்டிச்சாச்சு!"

வெர்லா கைப்பையிலிருந்து எம்மெட் வைத்துவிட்டுப் போன சாவியை எடுத்தாள். பிறகு, வேறென்ன செய்வது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். "'அவன் அப்படிக் கேட்டப்ப நான் வாயத் தொறக்கல, தொறந்திருக்கணும்'னு ஒங்கிட்ட சொல்லச் சொன்னாரு. என்ன விஷயம்னு நீ உள்ள பேசற வரைக்கும் எனக்குத் தெரியாது, ஜோலீன். நானும்தான் அன்னைக்கு அங்க இருந்தேன். நானும் பேசல. என்ன மன்னிச்சுடு." சாவியை நீட்டினாள்.

ஜோலீன் அதைத் தொடவில்லை. "இந்த வண்டிக்கு ரெண்டே சாவி. ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இன்னொண்ண..." வெர்லாவின் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "இன்னொண்ண நானே அவர் சட்டப் பையில வச்சேன். பெட்டிய மூடறதுக்கு முன்னாடி."

"நீலச் சட்ட," என்றாள் வெர்லா.

"நீங்க கடையில டூப்ளிகேட் போட்டிருப்பீங்க."

"சாவிக்குள்ள இருக்கற சிப்ப வண்டிக்குப் பழக்கினாத்தான் கிளம்பும், அந்த வண்டி பக்கத்துல இல்லாம புதுச் சாவி பழக்க முடியாது. எத்தன சாவி பழக்கியிருக்கோ, வண்டியே திரையில காட்டும். போய்ப் பாத்துடலாம், வா."

ஜோலீனின் மின்சாரக் காரில் போனார்கள். இஞ்சின் சத்தமே இல்லாத அந்த வண்டியில் இரண்டு மணி நேரப் பயணம். பண்ணையில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. விற்பதற்காக ஜோலீன் முந்தின நாளே பிக்கப்பின் பாட்டரியை உயிர்ப்பித்து வைத்திருந்தாள். கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்து, ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். வெர்லா கொடுத்த சாவியைப் போட்டுத் திருகினாள். இஞ்சின் ஒரே உறுமலில் பற்றிக்கொண்டது. திரையைத் தட்டிப் பார்த்தாள். பழக்கிய சாவிகள்: இரண்டு.

அவளுடைய சாவி அவள் மடியிலேயே இருந்தது.

அப்போது மணி அடிக்க ஆரம்பித்தது. டிங், டிங், டிங். ஜோலீன் தன் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. திரையில் பக்கத்து சீட்டின் படம் சிவப்பாக மின்னியது. ஆள் உட்கார்ந்தால் மட்டும் மின்னுகிற சிவப்பு. சன்னல் வழியே வெர்லாவும் பார்த்தாள். சீட்டில் ஒன்றுமே இல்லை, ஒரு தொப்பிகூட இல்லை. டிங், டிங், டிங். கொட்டகைக்குள் மூச்சு புகையாக வந்தது.

ஜோலீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஆனால் குரல் என்னவோ அலுத்துப்போன மகளின் குரல்தான்.

"அப்பா. பெல்ட்டப் போடுங்க."

மணி நின்றது.

ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க வீட்ல எறக்கி விடறேன், வெர்லா," என்றாள். "பின்னாடி ஏறிக்கங்க."

வெர்லா ஒன்றும் கேட்காமல் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.